கிராவல் குழியில் கொழுக்கட்டைப் புல்: மூன்று வகை விதைகள், ஒரு மதிப்பீடு

கிராவல் எடுத்துக் கைவிட்ட குழி நிலத்தை மீண்டும் கொறங்காடாக, அதாவது மேய்ச்சல் நிலமாக, மாற்ற விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, கொழுக்கட்டைப் புல் விதை எங்கே கிடைக்கும் என்பதைத்தான். வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட பகுதியில், சாலைப் பணிக்காக மண் எடுக்கப்பட்ட எங்கள் நிலத்தில், மூன்று இடங்களிலிருந்து பெற்ற விதைகளை அருகருகே விதைத்து, மழைக்காலமும் கோடையும் மாறி மாறி வந்துபோகப் பார்த்திருந்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கடையில் கிடைக்கும் கலப்பு மேய்ச்சல் விதைப் பொட்டலம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டை கோ 1, பக்கத்துக் கொறங்காட்டில் கையால் உருவி எடுத்த விதை ஆகியவையே அந்த மூன்றும். குழி நிலத்துக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவதை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொறங்காட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் மழை மறைவுப் பகுதிகளில், ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையை மட்டுமே நம்பி, குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் தனியார் மேய்ச்சல் நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், நான்கு புறமும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே நுழையப் படல் கட்டிய ஒரு கடவு என்பதே அதன் அமைப்பு. காங்கேயம் மாடுகளும் மயிலம்பாடி, மேச்சேரிச் செம்மறிகளும் இந்த நிலங்களை நம்பி வளர்ந்தவை. புல் மெலியும்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது, கொள்ளோ தட்டைப்பயறோ விதைத்து, மண்ணுக்கு ஓய்வும் உரமும் கொடுத்துவிட்டு மீண்டும் புல்லுக்கே விட்டுவிடுவார்கள். உழவு மண்ணைக் கிளறும்போது ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் விதைகள் தாமே முளைப்பதால், நல்ல நிலையிலிருக்கும் கொறங்காட்டுக்கு யாரும் விதை வாங்குவதில்லை. குழி நிலத்துக்குத்தான் அது தேவைப்படுகிறது. ஏனென்றால் அங்கே விதை உறங்கும் மேல்மண்ணே டிப்பரில் ஏறிப் போய்விட்டது.

இந்த வேலையைச் சட்டமும் கேட்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. சிறு கனிமக் குவாரிகளுக்கு, பரப்பு ஐந்து ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தாலும், சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்ற நிலை, தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து வருகிறது. அதற்கும் மேலே சென்று, 2020 ஜனவரி 8 அன்று காமன் காஸ் வழக்கில் அதே நீதிமன்றம், சுரங்கப் பணி முடிந்ததும் அந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் தாவரங்களும் விலங்குகளும் வாழத் தக்க நிலைக்கு அதைக் கொண்டுவரும் பொறுப்பைக் குத்தகைதாரருக்கு நிபந்தனையாக விதிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மரக்கன்று நடுவதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த இடத்தில் புல்லைப் பற்றிப் பேசிய அந்த உத்தரவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் எந்தப் புல், எந்த விதை, யார் தருவது என்பவற்றைக் களத்தில் இருப்பவர்கள்தாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் விதைச் சந்தையின் தரம் முக்கியமாகிறது.

விதைகளைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவை விழுந்த இடத்தைச் சொல்லாவிட்டால் மதிப்பீடு நியாயமாக இராது. ஆள் உயரத்துக்கும் கீழே இறங்கிய குழி, செங்குத்தான கரைகள், அடியில் சுக்கான் எனும் சுண்ணாம்புக் கற்கள் கலந்த வெளிறிய மண், அதற்கும் அடியில் சிதைந்த பாறை, ஓரங்களில் முந்திக்கொண்டு முளைத்த சீமைக் கருவேலம் என்று இருந்த நிலம் அது. மட்கு என்று சொல்லத்தக்க எதுவும் அந்த மண்ணில் இல்லை. லாரிகள் ஓடி ஓடித் தரை இறுகிவிட்டதால், பெய்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடிப் பள்ளத்தில் தேங்கியது. முதலில் சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றி, பொக்லைனைக் கொண்டு கரைகளை மூன்றடிக்கு ஓரடி என்ற அளவில் சரித்து, ஓரத்தில் குவிந்து கிடந்த கழிவு மேல்மண்ணைச் சரிவுகளில் பரப்பி, இறுகிய தரையைச் சட்டிக் கலப்பையால் அல்லாமல் ஆழமாகக் கீறும் உளிக் கலப்பையால் கிழித்து, சரிவுக்குக் குறுக்கே சிறு வரப்புகள் போட்ட பிறகே விதைப்பு நடந்தது. மிகத் தாழ்ந்த மூலையை நிரப்பாமல் குட்டையாகவே விட்டுவிட்டோம். மழைநீர் அங்கே நிற்பதால் கால்நடைகளுக்குக் குடிநீரும் ஆயிற்று, சரிவுகளின் அரிப்பும் குறைந்தது. செலவில் பெரும்பகுதி இந்த நில வேலைக்குத்தான் போயிற்று. அதை மிச்சம் பிடிக்க நினைத்து, விதையை மட்டும் வாங்கி வீசுகிறவர்களுக்கு மூன்று விதைகளில் எதுவும் பலன் தராது.

முதலில் கடைப் பொட்டலம். "நாட்டு மேய்ச்சல் புல் கலவை" என்ற பொருள்பட அச்சிட்டு விற்கப்படும் இத்தகைய பொட்டலங்கள் இப்போது இணையத்திலும் உரக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. நான் வாங்கிய கடையின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. குறை ஒரு கடையோடு நிற்பதன்று. பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் பரப்பினால், கொழுக்கட்டை விதையோடு முயல் மசாலும் வேலிமசாலும் சவுண்டலும் கலந்திருக்கின்றன. இவை தீவனப் பயிர்கள் என்ற முறையில் தரமானவை. புரதச் சத்து மிக்கவை. கறவை மாடு வைத்திருப்பவர்கள் வேலி ஓரத்திலோ தனிப் பாத்தியிலோ வளர்த்துப் பயனடைகிறார்கள். ஆனால் முயல் மசாலும் வேலிமசாலும் சவுண்டலும் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்தவை. சவுண்டல் தானாகப் பரவிப் புதராகும் இயல்புடையது. சீமைக் கருவேலத்தை வேரோடு தோண்டி எடுத்த அதே குழியில் இன்னொரு வெளிநாட்டு மரத்தை நாமே விதைப்பது, செய்த வேலையை நாமே கலைப்பதாகும். நாட்டுப் பயறு வகை வேண்டுமென்றால் நரிப்பயறு இருக்கிறது, செப்பு நெருஞ்சி இருக்கிறது, கொழிஞ்சி இருக்கிறது. இவை கொறங்காட்டில் தாமாகவே வளர்கின்றன, மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கின்றன. இவற்றில் ஒன்றுகூட அந்தப் பொட்டலத்தில் இல்லை என்பது எனக்குப் பெரும் ஏமாற்றம்.

அதைவிடப் பெரிய குறை, பொட்டலத்தில் இருந்த கொழுக்கட்டை விதையின் தரம். இந்தப் புல்லின் விதை மென்மையான முட்கள் சூழ்ந்த பஞ்சுப் பொதியாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்து உள்ளே மணி இருக்கிறதா, வெறும் சொத்தைதானா என்று சொல்ல முடியாது. ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே அழுத்தித் தேய்த்து, ஊதிப் பார்த்தால் பஞ்சு பறந்து மணி மட்டும் நிற்கும். பொட்டலத்தில் நின்ற மணிகள் மிகக் குறைவு. பயிரிட்ட தேதியோ அறுவடை செய்த பருவமோ முளைப்புத் திறனோ உறையில் அச்சிடப்படவில்லை. கொழுக்கட்டை விதைக்கு இது சிறிய குறையன்று. புதிதாக உதிர்ந்த விதை உறக்க நிலையில் இருக்கும். பல மாதங்கள் உலர்ந்த இடத்தில் வைத்திருந்த பிறகுதான் ஒழுங்காக முளைக்கும். அறுவடைக் காலம் தெரியாத விதையை வாங்குகிறவர், அது இன்னும் உறங்குகிறதா, உறங்கி எழுந்துவிட்டதா, இறந்தே போய்விட்டதா என்று அறிய வழியில்லாமல் மழையை வீணாக்குகிறார். ஈரச் சாக்கில் நூறு விதைகளைப் பரப்பி மடித்து வைத்து முளைவிட்டதை எண்ணிப் பார்க்காமல், எந்தக் கடையிலும் மொத்தமாக வாங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இரண்டாவது, நீலக் கொழுக்கட்டை கோ 1. இதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. மானாவாரி நிலத்துக்கான தீவனப் புல்லாகப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்து வெளியிட்ட இரகம்; என்ன விதை என்பது தெளிவாகத் தெரிந்து வாங்கலாம்; ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ விதை என்ற பரிந்துரையும் இருக்கிறது. கழிவு மேல்மண் தடிமனாகப் பரவியிருந்த சரிவுகளில் அது நன்றாக எழுந்து, நீலம் பாய்ந்த இலைகளோடு அகன்ற தூர்களாக நின்றது. சுக்கான் வெளித்தெரிந்த குழியின் அடித்தரையில் அதே விதை மெலிவாகவே வந்தது. அது விதையின் குற்றமன்று. மண் உள்ள வயலில் அதிக விளைச்சல் தருவதற்காகத் தேர்ந்தெடுத்த இரகத்திடம் மண்ணே இல்லாத இடத்தில் அதே பலனை எதிர்பார்க்கலாகாது. தோட்டத்தின் ஒரு பகுதியில் அறுத்துப் போடுவதற்கான தீவனப் பாத்தி அமைக்க நினைப்பவர்கள் தயங்காமல் இதையே வாங்கலாம். குழியிலும் மேல்மண் காப்பாற்றி வைத்திருந்து பரப்பியிருந்தால் இது தாராளமாகப் போதும்.

மூன்றாவது விதைக்கு உறையுமில்லை, விற்பனைச் சீட்டுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்த புல், மார்கழியிலும் தையிலும் கதிர் முற்றி நிறம் மாறும்போது, கொறங்காட்டு உரிமையாளரிடம் அனுமதி பெற்று, காலைப் பனி உலர்ந்த பின் கதிர்களை விரல்களுக்கிடையே வைத்து மேல்நோக்கி உருவி, மடியில் சேர்த்து, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டித் தருகிறார்கள். எங்களுக்கு இதைச் செய்துகொடுத்தவர்கள் அந்தக் காடுகளிலேயே ஆடு மேய்க்கும் பெண்கள். எந்தக் காட்டின் எந்தப் பகுதியில் புல் கரடான மண்ணிலும் அடர்ந்து நிற்கிறது என்பதை அவர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்கள். சுக்கான் மேட்டில் நிற்கும் தூர்களிலிருந்துதான் உருவித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர்களும் அப்படியே தந்தார்கள்.

இந்தக் கோரிக்கைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை உண்டாக்கும் இயல்புடையது. ஆகவே விதையிலிருந்து வரும் செடி தாய்த் தூரின் அச்சாகவே அமைகிறது. கம்பிலோ மக்காச்சோளத்திலோ எதிர்பார்க்கக்கூடிய கலப்பும் மாற்றமும் இங்கே மிகக் குறைவு. சுக்கான் மண்ணில், குறைந்த மழையில், ஆட்டின் வாய்க்குத் தாக்குப்பிடித்துப் பல்லாண்டு நின்ற தூரின் விதையை எடுத்தால், அந்தத் தாங்கும் தன்மை அப்படியே நம் குழிக்கு வந்து சேர்கிறது. தொலைவிலிருந்து வரும் விதை எந்தத் தாயின் அச்சு என்பதை நாம் அறிய முடியாது. குழியின் அடித்தரையில் இந்த விதைதான் நிலைத்தது. முதல் பருவத்தில் உயரம் குறைவு. பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை தராத அளவுக்குச் சிறிய தூர்கள். ஆனால் சித்திரை வெயிலில் மேலே முழுதும் காய்ந்து கருகிய பின்னும், கோடை மழை ஒன்று விழுந்ததும் அடியிலிருந்து பச்சை கிளம்பியது. குழி நிலத்தில் நான் எதிர்பார்த்த தகுதி இதுதான்.

குறைகளும் உண்டு. உருவிய விதையில் ஒட்டம்புல்லும் பிற களைகளும் கலந்து வரும். பஞ்சு நீக்காததால் கையால் சீராகத் தூவ வராது. காற்று அடித்தால் ஒரே மூலையில் போய்க் குவியும். ஈர மணலோடு கலந்து தூவினால் ஓரளவு சரியாகும். அதைவிடச் சிறந்த வழி, செம்மண்ணும் சாணமும் சேர்த்துப் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி உலர்த்துவது. காற்றும் எடுத்துப் போகாது, எறும்பும் எளிதில் இழுத்துச் செல்லாது. எறும்புகளை இங்கே குறைத்து மதிப்பிட முடியாது. மழைக்கு முன் தூவிய வெற்று விதையை அவை வரிசை வரிசையாகப் புற்றுக்குக் கொண்டுசெல்வதைக் கண்ணால் பார்க்கலாம். விதையை ஆழமாக மூடக் கூடாது. விரல் நகத்தின் அளவுக்கு மேல் மண் விழுந்தால் முளை வெளியே வரத் திணறும். முள் கொத்து ஒன்றை இழுத்து மேலோட்டமாக மூடிவிட்டால் போதும். புரட்டாசியின் கடைசியில் புழுதி விதைப்பாக விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பதே இந்தப் பகுதிக்குப் பொருந்துகிறது. கூடவே கொள்ளும் நரிப்பயறும் தூவினால், புல் நிமிரும் வரை மண்ணை அவை மூடிக் காக்கும்.

அளவிலும் நிச்சயம் கிடையாது. மழை பொய்த்த ஆண்டில் கொறங்காட்டிலேயே கதிர் வராது; யாரிடம் கேட்டாலும் விதை இராது. ஒரு பெரிய குவாரியின் பரப்பு முழுவதையும் உருவிய விதையால் மூடிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அத்தகைய இடங்களில் மேல்மண் உள்ள பகுதிகளுக்குக் கோ 1 விதையையும், மோசமான பகுதிகளுக்கு உள்ளூர் விதையையும் பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஒத்தது. உள்ளூர் விதை பரவிக்கொள்ளும். அதன் பஞ்சு முட்கள் ஆட்டின் உரோமத்தில் ஒட்டிக்கொண்டு போகும்படியாகவே அமைந்தவை.

அதனால்தான் விதையோடு சேர்த்து ஆட்டுப் பட்டியையும் சிபாரிசு செய்கிறேன். விதைப்பதற்கு முந்தைய கோடையில், நல்ல கொறங்காட்டில் மேய்ந்துவந்த செம்மறிகளைக் குழியின் தரையில் இரவு இரவாக இடம் மாற்றிப் பட்டி போட்டதில், மட்கே இல்லாத மண்ணுக்குப் புழுக்கையும் சிறுநீரும் கிடைத்தன, கூடவே விதைகளும் வந்து விழுந்தன. பட்டி இருந்த வட்டங்களில் புல் மற்ற இடங்களைவிட அடர்த்தியாக எழுந்ததை இன்றும் நிலத்தில் பார்த்தே அடையாளம் காணலாம். பட்டிக்காரருக்குக் கொடுத்த கூலி, வாங்கிய எந்த உரத்தையும்விடப் பயன்பட்டது. விதைத்த பிறகோ, ஒரு முழு ஆண்டு எந்தக் கால்நடையையும் உள்ளே விடக் கூடாது. புல் கதிர் விட்டு, விதை உதிர்ந்த பின்புதான் கடவைத் திறக்கலாம். சீமைக் கருவேலங்காயைத் தின்ற ஆடுகளைப் பட்டிக்கு அழைக்காதிருப்பதும் அவசியம். அந்த விதைகளும் புழுக்கை வழியாகவே பரவுகின்றன.

எந்த விதையும் தராத இரண்டு இருக்கின்றன. ஒன்று கிளுவை வேலி. அது விதையால் வருவதன்று. போத்து எனும் கிளைத் துண்டை வெட்டி நட்டு, வேர்பிடிக்கும் வரை ஆடு கடிக்காமல் காத்து, ஆண்டுதோறும் இடைவெளிகளை அடைத்து எழுப்ப வேண்டியது. வேலி இல்லாத புல்வெளி அடுத்த கோடைக்குள் ஊராரின் மந்தைக்கெல்லாம் இரையாகிவிடும். மற்றொன்று வெள்வேலம். புல் நிலைத்த பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக அதை வளரவிட வேண்டும். கோடையில் புல் தீர்ந்த காலத்தில் அதன் காய்களை நம்பியே செம்மறிகள் தாக்குப்பிடிக்கின்றன. நெருக்கமாக நட்டுத் தோப்பாக்கினால் நிழலில் புல் செத்துவிடும். குவாரி மூடும் திட்டங்களில் ஏக்கருக்கு இத்தனை மரக்கன்று என்று எண்ணிக் கேட்கும் பழக்கம் இந்த நிலத்தின் இயல்புக்கே எதிரானது என்பதை உரத்துச் சொல்ல விரும்புகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து மேற்காசியா வழியாக இந்தியா வரையிலான வறண்ட நிலங்களுக்கு உரிய இதே கொழுக்கட்டைப் புல், ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் கொண்டுபோய்ப் பரப்பப்பட்டு, இன்று அங்குள்ள சொந்தத் தாவரங்களை நெருக்கித் தள்ளி, காட்டுத்தீக்கு எரிபொருளாகிற ஆக்கிரமிப்புப் புல்லாகக் கருதப்படுகிறது. அரிசோனாவில் சகுவாரோ கள்ளிகள் நிற்கும் பாலைவனத்தைக் காக்க இதைப் பிடுங்கி அழிக்கிறார்கள். ஆகவே இந்தப் பரிந்துரை கொங்குப் பகுதியின் வறண்ட மேய்ச்சல் நிலங்களுக்கும் அவற்றை ஒத்த சமவெளிகளுக்கும் மட்டுமே உரியது. நீலகிரியின் சோலைப் புல்வெளியையோ ஆற்றங்கரை நிலத்தையோ மீட்க நினைப்பவர்கள் அங்கே இயல்பாக வளரும் புற்களைத்தான் தேட வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, மூன்றில் கடைப் பொட்டலமே அதிகம். முளைக்கும் மணியின் கணக்கில் பார்த்தால் அது இன்னும் பல மடங்கு. பல்கலைக்கழக விதை நியாயமான விலை. உருவிய விதைக்குச் சந்தை விலை என்று ஒன்றில்லை. ஒரு நாள் கூலியை அடிப்படையாக வைத்து, உருவுகிற பெண்களுக்கு நேரடியாகவும், காட்டு உரிமையாளருக்குத் தனியாகவும் கொடுப்பதே முறை. கூலியைக் குறைத்துப் பேச வேண்டாம். முற்றிய கதிரை மட்டும் தேர்ந்து உருவுவது மெதுவான வேலை, அவசரப்படுத்தினால் சாக்கில் சொத்தையே சேரும். ஒரே தூரை முழுதும் உருவாமல் பாதியை அந்தக் காட்டுக்கே விட்டுவிடும்படியும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த புரட்டாசியில் விதைக்க எண்ணுகிறவர்கள் இந்த மார்கழிக்கு முன்பே கொறங்காட்டுக்காரரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. தையில் உருவிய விதையைக் காற்றோட்டமுள்ள அறையில், தரையில் படாமல் பலகையின் மேல் சாக்கில் வைத்திருந்தால், ஆவணிக்குள் அதன் உறக்கம் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆவணிக் கடைசியில் ஈரச் சாக்குச் சோதனையை ஒருமுறை செய்து, முளைப்புக்கு ஏற்ப விதையின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.